ஒரு படமும் பிசகவில்லை!

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தக் கமராக் கடைக்குள் டெலிபோன் விடாமல் அடித்தது.

எடுக்க வேண்டிய முதலாளி பாக்கியரத்தினம் மேசைக்குப் பக்கத்திலேயே கிடந்தார்.

மண்டை பிளந்திருந்தது. அருகில் இரத்தம் தோய்ந்த ட்ரைபொட், கமராவை நிறுத்துகிற முக்காலி!

கடை திறக்கிற நேரத்தில் நடந்த கொலை. பொலிஸ் எடுத்த எடுப்பிலேயே கடைக் காவலாளி ஞானசேகரத்தைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டது. கையில் எட்டுகிற ஏழையைப் பிடித்தால் அலைச்சல் மிச்சம் அல்லவா!

சப் இன்ஸ்பெக்டர் ஷிஃபானாவுக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. பின்னேரம் ஞானசேகரத்தை நீதவானிடம் கொண்டுபோகிறார்கள். அதற்குள் உண்மையான ஆள் அகப்படாவிட்டால் அந்த அப்பாவி மறியலில் கம்பி எண்ணுவது நிச்சயம்.

அவள் கண் சசிகரன் மேல்தான் இருந்தது.

சசிகரன் யூடியூப்பில் லென்ஸ்களை விமர்சிக்கிறவன். உலகத்தில் தனக்கு மட்டும்தான் கண் இருக்கிறது என்று பேசுகிறவன். அவனைப் பெரிய ஆளாக்கிய நீலத்திமிங்கிலப் படம் உண்மையில் பாக்கியரத்தினம் எடுத்தது. அதை ஊரறியச் சொல்லப்போவதாக அவர் மிரட்டியிருந்தார். சொல்வதற்கு முதல் செத்துப்போனார்.

எவ்வளவு வசதி!

ஆனால்... சசிகரனிடம் ஒரு மெமரி கார்ட் இருந்தது.

கொலை நேரத்தில் அவன் டச் பே கடற்கரையில் புது டெலிபோட்டோ லென்ஸின் ஓட்டோஃபோகஸைச் சோதித்துக்கொண்டிருந்தானாம். விர்ரென்று பறக்கிற பறவையை லென்ஸ் விடாமல் துரத்திப் பிடிக்கிறதா என்று பார்க்கிற சோதனை. கார்ட் நிறையக் கடலுக்கு மேல் பாய்கிற ஆலாப் பறவைகள். பின்னணியில், அன்று காலை மட்டும் வந்துபோன வெள்ளை உல்லாசக் கப்பல். நாளும் நேரமும் பொய்யில்லை.

அதற்கு உறுதி சொன்னவன் தர்சன். கலியாணப் படம் எடுக்கிறவன். படம் சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் பொலிஸ் கூப்பிடுவது அவனைத்தான். கமரா நேரம் சரி, படங்களில் யாரும் கைவைக்கவில்லை என்று பெரிய நிபுணர் தோரணையில் சொல்லிவிட்டு, பொலிஸ் நிலையக் கதிரையில் சசிகரனுக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டிருந்தான்.

"நான் வெளிக்கிடலாம்தானே மிஸ்? இரவு டுபாய்க்கு ஃப்ளைட்" என்றான் சசிகரன்.

"கொஞ்சம் இருங்க. ஒரு படம் கூட மங்கலா இல்லையே?"

"நல்ல லென்ஸ் எண்டால் அப்பிடித்தான்."

ஷிஃபானா அவனுடைய வீடியோக்களைப் பார்த்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவள். ஒவ்வொன்றிலும் அவன் முதலில் காட்டுவது ஃபோகஸ் பிசகி மங்கலான படங்களைத்தான். எத்தனை பிசகியது என்பதுதானே சோதனை! பிசகினதை அழித்துவிட்டு லென்ஸ் திறம் என்பது, பெயிலான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்பே பாஸ் என்கிற மாதிரி.

கார்டில் பட இலக்கங்கள் இடையிடையே தாவியிருந்தன. யாரோ அழித்திருக்கிறார்கள். சசிகரன் அழிக்கிற ஆள் இல்லை.

அப்படியானால் எடுத்தது யார்?

அவள் கணினித் திரையை வெறுப்போடு தள்ளிவிட்டாள்.

"இதெல்லாம் ஒரு படமா? கமராவைக் குரங்குட கையில குடுத்தாலும் இதைவிட நல்லா எடுக்கும்."

சசிகரனுக்குச் சூடேறவில்லை. யாராவது 'சுமார்' என்று கமென்ட் போட்டாலே ஒரு கிழமை சண்டை பிடிக்கிறவன், பவ்வியமாகத் தலையாட்டினான். சுமாரான படங்கள்தான் என்று ஒத்துக்கொண்டான்!

சூடேறியது வேறொருவனுக்கு.

"குரங்கோ?" தர்சன் காலைக் கீழே இறக்கினான். "அந்தக் காத்துக்குள்ள, முழங்கால் தண்ணியில நிண்டு, அலை அடிக்க அடிக்கக் கை ஆடாமல் பிடிச்சுப் பாருங்கோ மிஸ். அப்ப தெரியும்."

"தண்ணியில நின்டது யார் தர்சன்?"

தர்சன் சட்டென்று சசிகரனைத் திரும்பிப் பார்த்தான்.

சசிகரனின் முகம் வெளிறியது.

ஷிஃபானாவுக்கு எல்லாம் விளங்கியது. மணமகள் கண்மூடின படம் மாமியார் கண்ணில் பட்டால் தொலைந்தது என்று, மண்டபத்திலேயே மங்கலை அழித்துக் கார்டைத் துப்புரவாக்குவது கலியாணப் படக்காரரின் பழக்கம். கொலைக்குச் சாட்சி தயாரிக்கப் போன இடத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை!

தர்சன் அழுதுகொண்டே கக்கினான். காலையில் தனக்குப் பதிலாகப் படமெடுத்துத் தரச் சொல்லிச் சசிகரன் கேட்டானாம். கொலை விஷயம் பிறகுதான் தெரியுமாம். தெரிந்த பிறகும் வந்து, தான் எடுத்த படத்துக்குத் தானே சான்றிதழ் கொடுத்திருக்கிறான்.

ஷிஃபானாவுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒரு அப்பாவி மறியலுக்குப் போறான் என்டு தெரிஞ்சும் வந்து பொய் சொன்னீங்க. எதுக்கு?"

"அந்த லென்ஸை எனக்கே தாறன் எண்டவன் மிஸ்..."

சசிகரனால் பொறுக்க முடியவில்லை. எந்த ஆபத்திலும் அடுத்தவனுடைய மடத்தனத்தைத் திருத்தாமல் விடுகிற வாய் இல்லை அது.

"விசரா! அது கொம்பனிட லென்ஸ். டெஸ்ட் முடியத் திருப்பி அனுப்போணும். அதை ஆராவது தருவினமோ? சும்மா சொன்னதை நம்பினியே!"

பேரம் பேசியது தான்தான் என்று தன் வாயாலேயே சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

ஷிஃபானா சிரித்தாள். ஞானசேகரத்தை உடனே வெளியே விடச் சொன்னாள். இந்த இரண்டு பேரையும் படம் எடுத்து ஃபைலில் போடச் சொன்னாள்.

மேசையில் கிடந்த அந்தப் பெரிய லென்ஸைப் போட்டு எடுக்கவா என்று கான்ஸ்டபிள் ஆசையோடு கேட்டான்.

"தேவையில்ல. இவங்க இனி எங்கயும் பறக்கமாட்டாங்க. உங்கட ஃபோனே போதும்."