கச்சத்தீவில் ஒரு கிணறு

ராயப்பராஜின் மண்டை பிளந்திருந்தது.

பூகோள வாத்தியார். வெள்ளிக்கிழமை மத்தியானம், தன் வீட்டு மேஜை மேலேயே கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த இரும்புச் சில்லு. யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் கப்பல்கள் கச்சத்தீவைக் குறிவைத்துச் சுட்டுப் பழகியபோது சிதறிய குண்டின் துண்டு.

அந்தத் தீவைப் பற்றி மூன்று வருஷமாக எழுதிய நோட்டைக் காணோம்!

அது கஸ்பாரின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதே பள்ளிக்கூடத்து வாத்தியார். தன் பெயரில் புத்தகம் போட ஆசைப்பட்டான். நோட்டை எடுக்கும்போது ராயப்பராஜிடம் கையும் களவுமாக அகப்பட்டான். அடித்தான்.

திங்கள்கிழமை திண்டுக்கல் ஸ்டேஷனில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். செத்தவரின் மச்சான் பாஸ்கல் லாக்கப்பில். கொலைக்கு முதல் நாள் அவரோடு சண்டை போட்ட பாவம். வெள்ளிக்கிழமை தான் ஊரிலேயே இல்லை என்று கஸ்பார் சாதித்துவிட்டால் போதும்... தூக்கு பாஸ்கலுக்கு.

செத்தவரின் மனைவி ஜெயமேரி சுவரோரம் நின்று முறைத்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, வெள்ளிக்கெழம எங்க இருந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்துக்காரர். மரியாதையாகப் பேசியே தோலை உரிப்பார்.

"கச்சத்தீவுல சார். அந்தோணியார் திருவிழா."

"அது நம்முளுதுங்களா, சிலோன்காரனுதுங்களா?"

"ரெண்டு கவர்மெண்டும் என்னுதுங்குது. அந்தோணியார் யாரையும் கேக்கல."

"எப்பிடி இருக்குமுங்க?"

"ஒரு மைல் நீளம் சார். குடியிருப்பு கெடையாது. பூரா முள்ளு. குண்டு விழுந்த பள்ளம் இன்னும் கெடக்கு."

நோட்டின் வரிகள் மணிமணியாக வந்தன. கஸ்பாருக்குத் தன்மேல் பெருமையாக இருந்தது.

"அந்த வெயில்ல குடிக்கத் தண்ணி?"

"கோயிலுக்கு மேக்கால கெணறு இருக்கே. குண்டு பட்டு ஒருபக்கச் செவுரு இடிஞ்சிருக்கும். தண்ணி எளநி மாதிரி."

ஜெயமேரி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏலே, அங்க ஏது கெணறு? வருசா வருசம் படகுல கொடத்துத் தண்ணியோட போறவ நான்."

"அதெப்படி? சார் நோட்டுல..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன பிரயோஜனம்?

"அவரு எழுதுற நோட்டு, வரையிற படம் எல்லாத்துலயும் ஒரு பொய்ய ஒளிச்சு வைப்பாரு. காப்பியடிக்கிற பயலப் பிடிக்க. பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். நீ போன ஜூன்ல வந்தவன். எம் புருசனக் கொன்னுட்டு எந் தம்பியையும் தூக்குல ஏத்தப் பாத்தியே..."

கஸ்பார் வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள். ஒருவர் கையில் அவனுடைய டிரங்குப் பெட்டி!

"பாஸ்கலத் தொறந்து விடுங்க" என்ற நாச்சிமுத்து, விலங்கை எடுத்தார். "ஏனுங்கம்மா, காப்பியடிச்சா வாத்தியாரு என்ன பண்ணுவாரு?"

"முட்டி போட வைப்பாரு."

"நாங்க நிக்கத்தானுங்க வைப்போம்" என்றார் கஸ்பாரிடம். "என்ன... காலுக்கடியில பலகை ரொம்ப நேரம் இருக்காதுங்க."