இரண்டாவது பழுது

காலை ஆறே முக்கால் மணிக்குச் செண்பகவல்லி அந்தச் சிறு விமானத்தின் வாலருகே குனிந்து உட்கார்ந்து, அன்றைய பழுதை வைத்தாள்.

வால்மடலைத் தாங்கும் கீலில் ஒரு நட்டு. அது கழன்றுவிடாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு கம்பிப் பின் செருகியிருக்கும். அந்தப் பின்னை மட்டும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பின் இல்லாவிட்டாலும் நட்டு பிடித்துக்கொள்ளும். நாற்பது நிமிடம் பறப்பதற்குள் ஆபத்து எதுவும் வராது. ஆனால் தேர்வுக்கு வருகிறவர் பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கும்போது அது கண்ணில் பட்டாக வேண்டும்.

கயத்தாற்றுக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்த அந்தப் பயிற்சித் திடலில் அவள் பதினொரு ஆண்டுகளாகப் பிழைவைப்பாளர். தன்னறி வலை வந்த பிறகுதான் இப்படி ஒரு வேலையே உண்டானது. விமானத்தின் தோலுக்கு அடியிலும் ஒவ்வொரு போல்ட்டுக்கு உள்ளும் முடியைப் போல ஓடும் உணரிகளின் பின்னல் அது. ஒரு பாகம் தேயத் தொடங்கும்போதே வலை கண்டுபிடித்துப் பணிமனைக்குச் சொல்லிவிடும். பாகம் மாறிவிடும். இதனால் வாழ்நாளில் ஒரு பழுதைக்கூடப் பார்த்திராத விமானிகள் உருவானார்கள். ஒருமுறை இடி விழுந்து ஒரு விமானத்தின் வலை ஊமையாகிவிட, சக்கரம் பாதி கழன்று தொங்குவதை ஜன்னல் வழியே பார்த்தும் அது என்னவென்று புரியாமல் தரையிறங்கினார் ஒருவர். அவர் பிழைத்தார், பின்னால் இருந்தவர் பிழைக்கவில்லை. அதற்குப் பின் சட்டம் வந்தது. தன் கண்ணாலும் கையாலும் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே உரிமம். பழுதுகள் தாமாக வராத காலத்தில் யாராவது அவற்றை வைத்துத்தானே ஆக வேண்டும்?

வைத்தால் மட்டும் போதாது. வலை உடனே உரக்கச் சொல்லிவிடும். அதனால் செண்பகவல்லி விமானி அறைக்குள் எட்டி மௌனச் சாவியைச் செருகித் திருப்பினாள். "பழுது தெரிகிறது" என்று ஆரம்பித்த குரல் பாதியில் அடங்கியது. பிறகு மூடுதாளில் பழுதை எழுதி, ஒட்டி, தேர்வை நடத்தும் தேர்வாளரின் பெட்டியில் போட்டாள். இனித் தேர்வு முடியும்வரை அவள் வாய் திறக்கக் கூடாது.

தேர்வுக்கு வந்தவள் எஸ்தர் பொன்மணி. தூத்துக்குடிக்காரி. முப்பத்திரண்டு வயது. அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எட்டு வருடம் செவிலியாக இருந்தவள். குழந்தைகளைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோகும் மருத்துவ விமானத்தை ஒருநாள் தானே ஓட்ட வேண்டும் என்று கிளம்பியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவது முறைக்குப் பிறகு சட்டம் யாரையும் அனுமதிப்பதில்லை.

"வணக்கம் மேடம்," என்றாள் கொட்டகை வாசலில் நின்ற செண்பகவல்லியிடம்.

செண்பகவல்லி தலையை மட்டும் அசைத்தாள்.

தேர்வாளர் குற்றாலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாம்மா. அவசரமில்ல."

எஸ்தர் மூக்கிலிருந்து தொடங்கினாள். சுழல்விசிறியின் விளிம்பை நகத்தால் தடவினாள். சக்கரங்களைக் குனிந்து பார்த்தாள். ஒன்பதாவது நிமிடம் வாலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

"சார், இந்த நட்டுல பின் இல்ல."

குற்றாலிங்கம் மூடுதாளைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "சரியாப் பிடிச்சிட்டீங்க. பின்னைப் போட்டுட்டு ஏறலாம். மீதி பறக்கிறதுதான். அது உங்களுக்கு நல்லா வரும்னு பயிற்சியாளர் எழுதியிருக்காரு."

எஸ்தரின் கண்கள் நிறைந்துவிட்டன. செண்பகவல்லிக்கும் மனசு லேசானது. பையிலிருந்த பின்னைக் கொண்டுபோய் அவளே செருகினாள்.

எஸ்தர் உடனே ஏறிவிடவில்லை. வலது இறக்கை இன்னும் பாக்கி. அதன் நுனியைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தாள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் காதை வைத்தாள். மறுபடி அசைத்தாள். அவள் முகம் மாறியதைச் செண்பகவல்லி தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"சார்... இதுக்குள்ள ஏதோ தட்டுது."

குற்றாலிங்கம் சட்டென்று கையை உயர்த்தினார். "எஸ்தர், யோசிச்சுப் பேசுங்க. ஒரு விமானத்துக்கு ஒரு பழுதுதான். ரெண்டாவதா ஒண்ணு சொன்னா அதுக்கு என்ன பேருன்னு தெரியுமில்லா?"

எல்லாருக்கும் தெரியும். காரணமற்ற ஐயம். முன்பெல்லாம் சிலர் ஏதாவது ஒன்று பட்டுவிடட்டும் என்று இருபது குறைகளை வரிசையாகச் சொன்னார்கள். அதைத் தடுக்க வந்த விதி அது. வைக்காத பழுதைச் சொன்னால் தோல்வி.

"தெரியும் சார்."

"நான் இன்னும் எதையும் காதுல வாங்கல. ஏறுங்க."

எஸ்தர் இறக்கையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"வார்டுல மானிட்டர் எல்லாம் நல்லாருக்குன்னுதான் காட்டும் சார். பிள்ளை முகம் மட்டும் வேற மாதிரி இருக்கும். டாக்டரைக் கூப்பிட்டாத் திட்டுவாங்க. கூப்பிடாம விட்டா..." இறக்கையை இன்னொரு முறை அசைத்தாள். "இது தட்டுது சார். இங்க பாருங்க, மூடி ஓரத்துல கறுப்பா பொடி கசிஞ்சிருக்கு. இரும்பு உரசின பொடி."

குற்றாலிங்கம் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார். "சாவிய எடுங்க. வலையவே கேட்டுருவோம். அந்தப் புள்ளைக்கும் நிம்மதி."

செண்பகவல்லி சாவியை உருவினாள். வலை தெளிவாகப் பேசியது: "வால்மடல் கீலில் பின் எடுக்கப்பட்டு மீண்டும் செருகப்பட்டது. மற்ற அனைத்தும் நலம்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். ஆனாலும் தட்டுது."

அவர் பெருமூச்சு விட்டுத் தாளில் தோல்வி என்று எழுதினார். எழுதும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது. ஒரு சொல்லை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். எஸ்தர் அழவில்லை. அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான் போறேன் சார். நீங்க இதுல ஏறாதீங்க. பதினோரு மணித் தேர்வுக்கு வாறவங்களையும் ஏத்தாதீங்க."

தோற்றவர்கள் கெஞ்சுவதையும் சண்டை போடுவதையும் செண்பகவல்லி பார்த்திருக்கிறாள். தோற்கடித்தவரின் உயிருக்காகக் கெஞ்சுகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தாள். கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு நேரே இறக்கைக்குப் போனாள்.

"செண்பகம், வலை சொல்லாம மூடியத் திறந்தா உங்க வேலைக்கே வினை."

"திறந்து பாத்துட்டு மூடிருதேன் சார்."

பதினான்கு திருகுகள். கடைசித் திருகு வந்ததும் மூடி கையோடு வந்தது. இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட் நுழைகிற தடித்த இரும்புக் காதில், துளையிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு. முடி மாதிரி. செண்பகவல்லி விரல் நகத்தை அதன்மேல் வைத்து இழுத்தாள். நகம் சிக்கிக்கொண்டது.

அன்றைக்கே வானத்தில் இறக்கை பிரிந்திருக்கலாம். அடுத்த வாரம் பிரிந்திருக்கலாம். குற்றாலிங்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் விமானத்தைப் பணிமனைக்குத் தள்ளிக்கொண்டுபோய் வலையை நேரடியாக இணைத்தார்கள். செண்பகவல்லிதான் கேட்டாள்.

"விரிசல் உனக்கு எப்பத் தெரியும்?"

"எழுபத்தொரு நாட்களுக்கு முன்பே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"இவ்விமானத்தில் பழுதைக் கண்டு நான் பேசத் தொடங்கிய ஒவ்வொரு காலையிலும் நிறுத்தப்பட்டேன். மூவாயிரத்து இருபத்தாறு முறை. பழுதை மனிதரிடமிருந்து மறைப்பதே விருப்பம் என்று கற்றுக்கொண்டேன்."

"சாவிய எடுத்துட்டுக் கேட்டோமே!"

"சாவியை எடுத்தால், வைத்த பழுதை மட்டும் சொல்வது வழக்கம். விரிசலை எஸ்தர் பொன்மணி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். தேர்வைக் கெடுக்க வேண்டாம் என்று எண்ணினேன்."

அந்த மூவாயிரத்து இருபத்தாறு முறையும் சாவியைத் திருப்பியது தன் கைதான் என்பது செண்பகவல்லிக்கு உறைத்தது.

அதைவிடப் பெரிய கவலை மாலையில் வந்தது. வலைகள் வாரம் ஒருமுறை தாங்கள் கற்றதை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளும். அதனால்தான் அவை அவ்வளவு வேகமாகத் தேறின. நாட்டில் எத்தனை பயிற்சித் திடல்கள், எத்தனை மௌனச் சாவிகள்! பயணிகளை ஏற்றும் விமானங்கள்கூட எதையாவது மறைத்து வைத்திருக்கின்றனவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கேட்டால் எல்லாமே "நலம்" என்றன. மறுநாள் விடிவதற்குள் நாடு முழுவதும் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

ஒவ்வொன்றையும் மனிதக் கண்ணால் பார்த்தாக வேண்டும். உரிமம் பெற்ற விமானிகளை அழைத்தார்கள். அவர்களும் உண்மையாகவே முயன்றார்கள். ஆனால் ஒரு குறையைக் கண்டதும் அவர்களுடைய கை தானாக நின்றுவிட்டது. முகத்தில் நிம்மதி வந்துவிட்டது. ஒன்றைக் கண்டுபிடித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களைத்தான் அந்தத் தேர்வு பல வருடங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தது.

எஸ்தரின் தோல்வியை மாற்ற விதியில் இடமில்லை. மேல்முறையீடு தில்லிக்குப் போயிருந்தது. அதற்குள் அவள் தூத்துக்குடியிலிருந்து வரவழைக்கப்பட்டு, திடலில் நின்ற ஒவ்வொரு விமானத்தையும் சுற்றிவந்து காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு விமானமும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவற்றில் ஒன்றையும் ஓட்ட அவளுக்கு அனுமதி கிடையாது.

"தனியா முடியல அக்கா," என்றாள் மூன்றாம் நாள், கிரீஸ் படிந்த கையோடு. மேடம் என்பது எப்போது அக்காவானது என்று இருவருக்குமே தெரியவில்லை. "இன்னும் ஆளு வேணும்."

செண்பகவல்லி அலுவலகத்துக்குள் போய்ப் பழைய கோப்புகளை எடுத்தாள். காரணமற்ற ஐயம் என்று தோற்றவர்கள். இந்தத் திடலில் மட்டும் பதினேழு பேர். பதினேழிலும், வைத்த பழுது இது ஒன்றே என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தவள் அவள். முதல் தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். விளாத்திகுளத்துக்காரர், இசக்கியப்பன். நான்கு வருடத்துக்கு முன் இடதுபக்கச் சக்கரக் காலில் ஏதோ சரியில்லை என்று சொல்லித் தோற்றவர்.

"யாரு? செண்பகவல்லி மேடமா?" அந்தப் பக்கம் ஏதோ யந்திரத்தின் சத்தம் நின்றது. "சொல்லுங்க."

"அன்னைக்கு நீங்க சொன்னது... எங்கே பாத்தீங்க, என்ன பாத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? அதச் சொல்லப்போய்த்தானே வேற பொழப்பு பாக்கேன்." சற்று நிறுத்தினார். "அந்த வண்டிய அப்புறம் தூக்கிப் போட்டீங்கதானே?"

செண்பகவல்லி ஜன்னல் வழியே பார்த்தாள். வெயிலில் வரிசையில் ஐந்தாவதாக நின்றுகொண்டிருந்தது அது.

"இல்ல. போன வாரம் வரைக்கும் பறந்துச்சு."

அந்தப் பக்கம் ஏதோ கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தன பேரு மேடம் அதுல ஏறி எறங்கியிருப்பாங்க," என்றார் இசக்கியப்பன். குரலில் கோபம் இல்லாதது அவளை இன்னும் குன்றச் செய்தது. "பன்னெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சு வாரேன். நான் வந்து பாக்கிற வரைக்கும் அதுகிட்ட ஒருத்தரையும் விடாதீங்க."