தொடக்கமானியின் பச்சை விளக்கு

நாற்பது நாளாக இருநூற்று எண்பத்தெட்டுக் குடும்பங்கள் முறைபோட்டு ஒரு வெற்று மனையைக் காவல் காத்தன. கட்டுமான நிறுவனத்தின் ஆட்கள் அதில் மண்வெட்டியை இறக்கிவிடக் கூடாது. இன்று மாலை ஐந்து மணிவரை வேலை தொடங்காமல் இருந்தால் நிறுவனத்தின் அனுமதி காலாவதியாகி, நிலம் குடும்பங்களுக்கே திரும்பிவிடும்.

2061-இல் ஒரு கட்டடம் தொடங்கிவிட்டதா என்பதை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. அதிகாரிகள் கையூட்டு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்த காலம் போய், மனைக்கு மனை இடுப்புயரத் தொடக்கமானிகள் வந்துவிட்டன. லட்சக்கணக்கான பூமி பூஜைகளைப் பார்த்துப் பழகிய இயந்திரம் அது. ஈசானிய மூலையில் முழ ஆழக் குழி, மஞ்சள், பால், நவதானியம், நல்ல நேரம். இவ்வளவும் சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும், அனுமதி மூன்றாண்டு நீளும். அதன்பிறகு ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும் அதற்குக் கவலையில்லை.

நிறுவனத்துக்கு இது போதாதா? அந்த மனையில் இருந்த குடும்பங்களின் அடுக்ககத்தை இடித்துத் தள்ளிவிட்டு, ஒன்பது ஆண்டில் மூன்று முறை குழி வெட்டி, பூஜை போட்டு, மூடிவிட்டுப் போனது. வீட்டை இழந்தவர்கள் எதிரே தகரக் கொட்டகையில் வெந்தார்கள். சங்கத் தலைவி அஞ்சுகத்தின் கணவர் அங்கேதான், நான்காவது கோடையில், வெக்கை தாங்காமல் செத்துப்போனார். அன்றைக்கும் அரசு ஏட்டில் வேலை தொடங்கியே இருந்தது.

கடைசி நாள் காலையில் நிறுவனத்து ஆட்கள் யாரும் வரவில்லை. மேலாளர் தினகர் மட்டும் சாலையோரம் காரில் உட்கார்ந்திருந்தான்.

"அவனுங்க பயந்துட்டானுங்கக்கா," என்றான் பந்தல் போடும் தணிகாசலம். அவனும் கொட்டகைவாசிதான். "அஞ்சு மணிக்கு வெற்றிக் கூட்டம்னா இப்பவே பந்தல் வேலைய ஆரம்பிக்கணும்."

"போடு. மந்திரிக்குப் போடுற மாதிரி பெருசா போடு," என்றாள் அஞ்சுகம்.

தணிகாசலம் காலண்டரைப் பார்த்தான். "பத்தரைக்கு நல்ல நேரம். பந்தக்கால் நட்டுடலாம்."

பந்தலுக்குத்தானே என்ற நினைப்பில் முறையாகத்தான் செய்தார்கள். மனையின் ஈசானிய மூலையில் குழி வெட்டினார்கள். பெண்கள் மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டினார்கள். அஞ்சுகம் நவதானியத்தைப் போட்டுப் பாலை ஊற்றினாள். குலவைச் சத்தம் அடங்குமுன் பச்சை விளக்கு எரிந்தது.

"வேலை தொடங்கியது. அனுமதி 2064 வரை நீட்டிக்கப்படுகிறது," என்றது தொடக்கமானி.

தினகர் காரிலிருந்து இறங்கி வந்தான். "ரொம்ப நன்றிம்மா. இந்த வாட்டி நாங்க ஐயரைக்கூடக் கூப்பிடல பாருங்க."

அஞ்சுகம் அரசுத் திட்ட அலுவலருக்குப் போன் போட்டாள். "சார், அது பந்தக்கால் சார்! வெறும் பந்தக்கால்!"

"தெரியுதும்மா. ஆனா தொடக்கமானி சொன்னத மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. யாரு வெட்டுனாங்கன்னு அது கேக்காது."

கேட்க வேண்டும் என்று சட்டம் எழுதிய மேதாவிகளுக்குத் தோன்றவில்லை. அடுத்தவன் கட்டடத்துக்கு எவனாவது பூஜை போடுவானா என்று இருந்துவிட்டார்கள்.

அஞ்சுகம் போனை வீசினாள். பந்தல்காரர்களின் கடப்பாரையைப் பிடுங்கித் தொடக்கமானியின் அடிமண்ணில் ஓங்கிக் குத்தினாள். அந்தச் சனியனை வேரோடு பிடுங்கி எறிந்துவிட வேண்டும். மண் பெயர்ந்து தெறித்தது.

"அடித்தளப் பணி நடைபெறுகிறது. இரண்டு விழுக்காடு," என்றது அது.

"நிறுத்துக்கா!" என்று தணிகாசலம் அலறினான். "நீ தோண்டத் தோண்ட அவனுக்குத்தான் வேலை நடக்குது!"

அவள் நிறுத்தவில்லை. கை கொப்பளித்தது, முழங்கால்வரை குழி இறங்கியது, இயந்திரமோ அசையாமல் மூன்று விழுக்காடு என்றது. தினகர் அறிக்கைக்காகப் படம் எடுத்துக்கொண்டான். ஒன்பது ஆண்டில் அந்த மனையில் நடந்த உண்மையான வேலை அது ஒன்றுதான்.