கயிற்றின் மறுமுனை

யாரும் ஏறாத கயிறு ஜெசிந்தா மேரியின் விரல்களுக்கிடையே ஒரு முழம் மேலே போனது.

சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஏம்பலத்துக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, எப்போதோ கைவிடப்பட்ட மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தன் பெருத்த ஒற்றைத் தூணின் மேல் நின்றுகொண்டிருந்தது. தொட்டியைச் சுற்றி ஓடும் நடைபாதைக் கம்பியில் இரும்பு வளையங்கள். அவற்றின் வழியாக வளைந்து இறங்கிய கயிற்றின் ஒரு பக்கம் அவள் இடுப்புப் பட்டையில் இருந்தது. மறுமுனை தூணின் அடியில் சும்மா கிடந்தது.

"கயிறு இழுக்குதுடா," என்றாள்.

"காத்துக்கா," என்றான் அரிகரன், திரும்பிப் பார்க்காமலே. "மெலிசு கயிறுதான, காத்தடிச்சா போவும்."

காற்றே இல்லை. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெட்டுக்குக் காத்திருந்த கரும்பில் ஒரு தோகைகூட அசையவில்லை. வௌவால் எச்சமும் பழைய பாசியும் கலந்த வாடை மட்டும் தூணிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் தம்பியின் பாறையேறும் நண்பர்கள் மூன்று பேரும் தார்ப்பாயில் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரிகரன் கயிறு மாட்டும் புது கேரபைனர் கொக்கி ஒன்றைக் காதோரம் வைத்து 'டிக், டிக்' என்று திறந்து மூடிக் காட்டினான். "சத்தத்தைக் கேளு. பழசு மாதிரி கடகடங்குதா? வெண்ணெ."

"நீ அத்த கட்டிக்கினு குடும்பம் நடத்து," என்றான் புகழ்வேந்தன்.

"ஒன் ஷூ நாத்தத்துக்கு அதுவே மேலுடா. ஒன் காலு பட்டா பாறையே வெலகி வழி வுடும்."

பாக்யராஜ் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான். ஷூ ஒரு சைஸ் சின்னதாக வாங்குவதா, அரை சைஸா என்று பேச்சு வளர்ந்தது. கைக்குப் பூசும் வெள்ளைப் பொடியில் எது ஒட்டும், எது உதிரும் என்று போனது. இந்தப் பேச்சுக்கு முடிவே கிடையாது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவளுடைய தம்பி பெனடிக்டின் முப்பதாம் நாள் பூசையில், கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இவர்கள் மூவரும் இதையேதான் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாமியார் தம்பியின் பெயரைச் சொன்னபோதுகூட நிறுத்தவில்லை.

பெனடிக்ட் போன சித்திரையில், செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பாறையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தான். இந்த மூவரும் வந்து, "கால் வழுக்கிடுச்சுக்கா," என்றார்கள். அவ்வளவுதான். கயிறு கட்டியவன் கால் வழுக்கினால் எப்படித் தரை வரை வருவான் என்று அவளுக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. பிறகுதான் விவரம் புரிந்தது. ஏறுகிறவனுக்குக் கீழே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேலே இருப்பவன் 'டேக்' என்று கத்தினால் கீழே இருப்பவன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் உயிர். விட்டால் இல்லை.

அன்றைக்குப் பிடித்தவன் யார்?

கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார்கள். யாராவது ஒருவன் ஷூவைப் பற்றி ஆரம்பிப்பான். அந்தப் பதிலுக்காகவே சேதராப்பட்டுக் கம்பெனியில் ஆறு நாள் நின்றபடி வேலை பார்த்துவிட்டு, ஏழாம் நாள் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் இங்கே வந்தாள். கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாளும் ஏறவில்லை. "அக்கா புடிச்சா பேங்க் லாக்கரு மாதிரி," என்று அவர்கள் பாராட்டினார்கள். அவள் எதற்காக வருகிறாள் என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. அது அவளை உள்ளுக்குள் அரித்தது.

பொழுது சாய்ந்தது. புகழ்வேந்தனும் பாக்யராஜும் டீயும் பஜ்ஜியும் வாங்கிவர வண்டியில் கிளம்பினார்கள். பைக் சத்தம் கரும்புக்குள் தேய்ந்து மறைந்ததும், தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டும் நின்றுபோனது. கரண்ட் போயிருக்க வேண்டும். ஊர்ப் பக்கம் ஒரு விளக்கும் இல்லை.

"மேல வளையத்த கழட்டிகினு வந்துடறன்க்கா. புதுசு, வுட்டுட்டுப் போவ மனசு வரல," என்றான் அரிகரன். நெற்றி விளக்கை மாட்டி, கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டான். "நான் மேல போயி கயித்த அவுத்துட்டு, பின்பக்கம் ஏணில எறங்கிடுவன். நீ சும்மா புடிச்சிக்க."

ஏறினான். காரை பெயர்ந்த இடங்களில் விரலை நுழைத்து, செங்கல் விளிம்புகளில் கால் வைத்து, பெரிய உடம்பை லாவகமாகத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிழுத்தாள். விளக்கு சிறுத்துக்கொண்டே போய், நடைபாதையின் அடிப்பக்கத்தைத் தொட்டு, விளிம்பைத் தாண்டி மறைந்தது.

மேலே யாரோ பேசுவதுபோல் இருந்தது. இரண்டு குரல்கள். வார்த்தை புரியவில்லை.

"அரி?"

தொட்டிக்குள் சொட்டு விழும் ஓசை. வருஷக்கணக்காகத் தண்ணீர் ஏறாத தொட்டி.

"டேக்!"

அரிகரனின் குரல்தான். கீச்சென்று, சின்னப் பிள்ளையின் குரல்போல் உடைந்திருந்தது. ஜெசிந்தா யோசிக்கவேயில்லை. கை தானாக இறுக்கியது. அதே நொடியில் மேலேயிருந்து கனம் விழுந்து அவள் குதிகால்களைத் தரையிலிருந்து தூக்கியது. இடுப்புப் பட்டை அடிவயிற்றை அறுத்தது. நுனிக்காலில் தள்ளாடி நின்றாள்.

பிறகு அசைவில்லை.

"அரி, இன்னாடா ஆச்சு? வெளயாடாதடா."

கயிறு மட்டும் முனகியது. போன் தார்ப்பாயில் கிடந்தது, எட்டாத தூரத்தில். கனம் அவளைத் தூணின் பக்கமாகவே இழுத்து நிறுத்தியிருந்தது. நகர முடியாது. திரும்ப முடியாது.

அப்போது தூணின் பின்பக்கம் ஏணி அதிர்ந்தது. இரும்பில் கால் வைக்கும் ஓசை. நிதானமாக. ஒவ்வொரு படியாக. யாரோ இறங்கிவந்தார்கள். காய்ந்த கரும்புச் சோகையை மிதித்துக்கொண்டு தூணைச் சுற்றி நடந்தார்கள். அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"இன்னாக்கா, பயந்துட்டியா?" என்றது அரிகரனின் குரல்.

அவளுக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது. "பாவி. எறங்கிட்டியா? அப்போ கயித்துல இன்னாடா தொங்குது?"

"பையி. சாமானெல்லாம் போட்டுக் கட்டிவுட்டன். மெதுவா எறக்கு."

"பை இவ்ளோ கனமாவா இருக்கும்?"

"கனம்தான். எறக்கு."

பிடியைத் தளர்த்தினாள். கயிறு சூடாக நழுவியது. பின்னால் நின்றவன் பேசத் தொடங்கினான். கயிற்றின் பின்னல் எப்படி, உள்நூல் எப்படி, எத்தனை தடவை விழுந்தால் தாங்கும். அதே உற்சாகம். அதே சிரிப்பு. ஆனால் இடையில் எங்கும் மூச்சு வாங்கவில்லை. இத்தனை உயரம் இறங்கிவந்தவன். ஒரு மூச்சுகூட.

எதையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது அந்த ஒரு கேள்விதான்.

"அன்னிக்கு கயித்த யாருடா புடிச்சிருந்தது?"

இந்த முறை பேச்சு மாறவில்லை.

"மூணு வாட்டி கத்தனான். டேக், டேக், டேக்குன்னு. கீழ இருந்தவன் கேக்கல. புது ஷூவப் பத்திப் பேசிகினு இருந்தான். ரெண்டு கையையும் வுட்டுட்டு, இந்த வளைவு இப்படி, அந்த வளைவு இப்படின்னு காத்துல வரஞ்சி காட்டிகினு இருந்தான். மத்த ரெண்டு பேரும் சிரிச்சிகினு இருந்தானுங்க."

"கீழ இருந்தவன் யாருடா?"

"எறக்கு. தெரியும்."

நிறுத்த நினைத்தாள். கை நிறுத்தவில்லை. கயிறு போய்க்கொண்டேயிருந்தது. மேலே, இருட்டில், ஒரு வெளிச்சம் விளிம்பைவிட்டுக் கீழிறங்கியது. மெல்லச் சுழன்றது. கரும்பின் மேல் ஓடியது. தூணின் மேல் ஓடியது. மறுபடி கரும்பு. மறுபடி தூண்.

நெற்றி விளக்கு.

அதற்குக் கீழே ஒரு நெற்றி. திறந்த கண்கள். திறந்த வாய். அரிகரன் இறங்கிக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் தொங்கின. விரல்களில் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது.

அவள் கத்தினாள்.

பின்னால் பேச்சு நிற்கவில்லை. "நல்ல கயிறுக்கா. பத்து வருஷம் ஒழைக்கும்."

அந்தக் குரல் பேசப்பேச மாறிக்கொண்டே வந்தது. தேய்ந்து, இளைத்து, அவள் எட்டு மாதமாகக் கனவில் மட்டும் கேட்ட குரலாக ஆனது. அவளுடைய வலது கைமேல் ஒரு கை வந்து படிந்தது. சில்லென்று. பாறை ஜல்லி அப்பிய உள்ளங்கை. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மூடி, கயிற்றின்மேல் இறுக்கியது. அரிகரன் தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் நின்றான். ஆடினான்.

பாதையில் பைக் சத்தம். புகழ்வேந்தன் சிரிப்பது கேட்டது. "அரை சைஸுதான்டா சின்னது வாங்கணும், எத்தினி வாட்டி சொல்றது!" பாக்யராஜ் என்னவோ பதில் சொன்னான். பஜ்ஜி வாசனை முந்திக்கொண்டு வந்தது.

வண்டி வளைவில் திரும்பியது. அதன் விளக்கு அவள் முதுகில் விழுந்து, எல்லாருடைய நிழலையும் தூணின்மேல் எறிந்தது. தொங்குகிறவனின் நிழல். கயிற்றைப் பிடித்து நிற்கும் அவளுடைய நிழல். அவளை ஒட்டி, அவள் கையோடு கை வைத்து இன்னொரு நிழல். அதன் தலை கழுத்தில் நிற்காமல் முழுவதுமாக மடங்கி, நெஞ்சின்மேல் தலைகீழாகத் தொங்கியது.