படுத்தால் ஆட்டம் முடிந்தது

மாசிலாமணியின் வீடு காவிரிக் கரைக் கோபுரத்தின் பதினேழாம் மாடியில் இருந்ததா, பத்தொன்பதிலா என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை. மகள் எழினிக்கு அப்போது ஆறு வயதா, ஏழா என்பதிலும் சந்தேகம்தான். கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சொல்லப் போவதிலும் கொஞ்சம் கூடுதல் குறைவு இருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தை தன் அறையின் நடுவில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தது உறுதி. தரை வழித்துவிட்டதுபோல் கிடந்தது. ஒரு பொம்மை இல்லை, ஒரு செப்புச் சட்டி இல்லை.

"ஏம்மா, விளையாடலையா?" என்று கேட்டான் மாசிலாமணி.

"எதுக்குப்பா? நான் சாப்பிடப் போனா சுவர் எல்லாத்தையும் எடுத்து வச்சிடும்."

புகாராகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப்போலச் சொன்னாள். அதுதான் அவனுக்கு உறைத்தது.

அந்தக் காலத்துத் திருச்சியில் அலமாரி என்ற பொருளே கிடையாது. எல்லா வீட்டிலும் அடுக்கிச்சுவர்தான். எதையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நகரலாம். சுவரிலிருந்து பூசணிக்கொடிபோல மெல்லிய கொடிக்கைகள் நீண்டு வந்து, எடுத்து, துடைத்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். பொருள் கோபுரத்தின் அடியில் இருக்கும் பொதுக்கிடங்குக்குப் போய்விடும். வேண்டும்போது சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் வரும். தேடுவது என்ற வேலையே உலகத்தில் இல்லாமல் போயிற்று. வண்டிச் சாவியைத் தேடிப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட காலம் ஒன்று இருந்ததைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

இந்தச் சுவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவது மாசிலாமணியின் உத்தியோகம். ஒழுங்குப் பயிற்றுநர் என்று அதற்குப் பெயர். ஒரு சுவர் கற்றது அந்தக் கோபுரம் முழுவதும் பரவிவிடும், மற்ற ஊர்களுக்கும் அனுப்பலாம் என்பதால் ஒரு வீட்டில் சொல்லிக்கொடுத்தால் போதும். சமையலறையில் சுவர் நன்றாகத் தேறியது. குழந்தைகள் அறையில்தான் தோற்றது. அது வகை பார்த்துப் பிரித்தது: பொம்மைச் செருப்பெல்லாம் ஒரு பெட்டி, சீப்பெல்லாம் ஒரு பெட்டி, புடவையெல்லாம் ஒரு பெட்டி. ஆனால் எழினிக்கு அந்தச் செருப்பு வாசலோரம் கிடந்ததற்குக் காரணம் உண்டு. மணப்பெண் மண்டபத்துக்குள் போகும்போது கழற்றிவிட்ட செருப்பு அது. சட்டி கவிழ்ந்து கிடந்தால் பந்தியில் ரசம் கொட்டிவிட்டது என்று பொருள். சுவரின் கண்ணுக்கு ரசமும் தெரியாது, மண்டபமும் தெரியாது. தான் பழக்கிய சுவர் தன் மகளின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல.

முதலில், கொஞ்ச நேரம் பொறுத்து எடு என்று சுவருக்குச் சொல்லிப் பார்த்தான். கல்யாணம் அதற்குள் முடியவில்லை. பிறகு, எடுக்கவே எடுக்காதே என்றான். அறை நிரம்பி வழிந்தது. மிதவைப் பேருந்து ஓட்டிவிட்டுக் களைத்து வந்த அவன் மனைவி குழலி, பொம்மைச் சீப்பு ஒன்றைப் பாதத்தில் ஏற்றிக்கொண்டு நொண்டியடித்து வந்தாள்.

"உங்க சுவருக்கு ஒண்ணு எல்லாத்தையும் எடுக்கணும், இல்ல ஒண்ணையும் எடுக்கக் கூடாது. உங்களாட்டமேதான் இருக்கு. ஒண்ணு வாயே திறக்காது, திறந்தா பாடம் நடத்தும்."

மறுநாளே எல்லாவற்றையும் சுவர் பழையபடி இழுத்துக்கொண்டது. எழினியின் கைகள் மடிக்குத் திரும்பின.

நவராத்திரி வந்தது. குழலி கூடத்தில் கொலு வைத்தாள். அத்தனை நாளும் கூடத்துச் சுவரின் கண்களைப் பழைய புடவை போட்டு மூடிவிடுவது அவள் வழக்கம். விஜயதசமி அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, மேல்படி மரப்பாச்சியை மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள்.

"எதுக்கும்மா அதை மட்டும் படுக்க வைக்கிறே?" என்றாள் எழினி.

"ஒரு பொம்மையைப் படுக்க வச்சா கொலு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இனிமே எடுத்து உள்ள வைக்கலாம்."

"யாரும் படுக்கலன்னா?"

"அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

மாசிலாமணி கையில் சுண்டலோடு நின்றுவிட்டான். சுண்டல் ஆறியது. தாயும் மகளும் படியை ஒழித்து, துணியை மடித்து முடிக்கும்வரை அவன் அசையவில்லை.

"உங்கப்பா சுவரோட சுவரா ஆயிட்டாருடி," என்றாள் குழலி.

அன்று அவன் சுவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஐந்தே வரி. ஒரு ஆட்டத்தில் சேர்ந்தவையெல்லாம் ஒன்று. வகை பார்த்துப் பிரிக்காதே. பொம்மைகளில் ஒன்று படுக்கும்வரை எதையும் தொடாதே. படுத்ததும், இருந்தது இருந்தபடியே எடுத்து வை. ஆட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படியே திருப்பிக் கொடு. பொம்மை என்றால் என்ன என்று சுவர் கேட்டது. முகம், இரண்டு கை, இரண்டு கால் என்றான். எவ்வளவு உயரம் என்று கேட்டது. கட்டைவிரல் அளவிலும் பொம்மை உண்டு, குழந்தையைவிட உயரமாகவும் உண்டு என்பதால், அளவு பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த பொம்மைக் கல்யாணத்தைப்போல ஊரில் எங்கும் நடக்கவில்லை. நிச்சயதார்த்தம் கட்டிலடியில், ஜானவாச ஊர்வலம் ஜன்னலோரம். எழினி பள்ளிக்கூடம் போய் வருவாள். மாப்பிள்ளை விட்ட இடத்திலேயே காரில் உட்கார்ந்திருப்பான். தூங்கி எழுவாள், கவிழ்ந்த ரசம் கவிழ்ந்தபடியே இருக்கும். நாளுக்கு நாள் உறவுக்காரர்கள் கூடினார்கள். குழலியின் சீப்பு வைக்கும் கிண்ணம் தேங்காய் உடைக்கும் இடமாயிற்று. மாசிலாமணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்பந்தியாகத் தரையில் உட்கார்ந்தான்.

"நான் பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"மாப்பிள்ளை பக்கம். நீங்க கோவிச்சுக்கணும்பா."

"எதுக்குக் கோவிச்சுக்கணும்?"

"எதுக்காவது. அப்பளம் நொறுங்கியிருக்குன்னு சொல்லுங்க."

"அப்பளம் நொறுங்கியிருக்கு," என்றான் மாசிலாமணி, தன்னால் முடிந்த கோபத்துடன்.

"இவருக்குக் கோவிக்கவே வரலம்மா. நீ வா."

குழலிக்கு நன்றாக வந்தது. கோபித்துக்கொண்டு மண்டபத்தை விட்டே வெளியேறி, சமையலறை வரை போய், சமாதானம் பேச நாலு பொம்மைகள் வந்த பிறகுதான் திரும்பினாள். மூவரும் சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். வந்தவர்களும் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

சுவர் செய்யும் நிறுவனத்தில் மாசிலாமணிக்கு மேலே இருந்தவர் லூர்து மேரி. பேத்திகளோடு அதே கோபுரத்தில் குடியிருந்தார். "மணி, எங்க வீட்டுக் குட்டிங்க சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்குதுங்க. அவ்வளவு விளையாட்டு. நல்ல காரியம் பண்ணீங்க," என்று மனசாரச் சொன்னார். பாடத்தை எல்லா ஊர்ச் சுவர்களுக்கும் அனுப்பினார்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் அவரே அழைத்தார்.

"மணி, எங்க வீட்டுக் குடிலைக் காணோம்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"வைக்கோல், மாடு, ஒட்டகம், மூணு ராஜா, எல்லாம் போச்சு. பாலனைத் தொழுவத்துல படுக்க வச்சேன். கையை எடுக்கல, மொத்தத்தையும் உங்க சுவர் வாரிக்கிட்டுப் போயிடுச்சு."

"படுக்க வச்சா முடிஞ்சுதுன்னு..."

"உங்க வீட்ல முடிவு. எங்க வீட்ல படுக்க வச்சாதான்யா ஆரம்பமே."

 இருவருக்கும் ஒரே ஊர், ஒரே கோபுரம். ஒரு பொம்மையைச் சாய்ப்பதில் இரண்டு அர்த்தம் இருக்கும் என்று மாசிலாமணி யோசித்ததே இல்லை. ஊரெங்கும் குடில்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவசரத்தில் சுவருக்கு ஒரு திருத்தம் சொன்னான்: ஆரம்பத்தில் படுப்பது கணக்கில் வராது; ஆடிக் களைத்து, கடைசியில் படுப்பதே முடிவு. சுவர் புரிந்துகொண்டது. குடில்கள் திரும்பி வந்தன. லூர்து மேரி நன்றிக்குக் கோபுரத்தில் எல்லா வீட்டுக்கும் பிரியாணி அனுப்பினார்.

பொம்மைகள் களைப்பதில்லை. முகமும் இரண்டு கையும் இரண்டு காலும் வைத்துக்கொண்டு, ஆடிக் களைத்துப் படுப்பவர்கள் வேறு. அதுவரை விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே படுத்ததை மட்டும் பார்த்த சுவர், இப்போது களைத்தவர்களைத் தேடியது. விடுமுறை நாள். பிரியாணியும் பண்டிகைச் சாப்பாடும் தின்ற திருச்சி முழுவதும் மத்தியானம் கால் நீட்டிப் படுத்தது.

மாசிலாமணி கண் விழித்தபோது வீட்டில் ஒன்றும் இல்லை. நாற்காலி இல்லை, பாத்திரம் இல்லை, தலைக்கு வைத்திருந்த தலையணையும் இல்லை. படுக்காமல் விளையாடிக்கொண்டிருந்த எழினியின் அறை மட்டும் அப்படியே இருந்தது. அவள் எட்டிப் பார்த்து, "உங்க ஆட்டமெல்லாம் முடிஞ்சுபோச்சாப்பா?" என்றாள்.

நடைவழியெங்கும் ஜனம். லூர்து மேரி சுவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"என் கண்ணாடியைக் குடு."

"எந்த ஆட்டம்?" என்றது சுவர்.

"ஆட்டம் இல்ல. கண்ணாடி."

"எந்த ஆட்டத்தில் இருந்த கண்ணாடி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பேப்பர் படிச்சிட்டே மருமகனைக் குறை சொல்ற ஆட்டம்."

கண்ணாடி வந்தது. கூடவே செய்தித்தாளும், பாதி குடித்த காபியும், உதறிவிட்ட செருப்பும் வந்தன. மருமகன் முதல் ஆளாகச் சிரித்தார். பிறகு எல்லோருக்கும் வழி பிடிபட்டுவிட்டது. ஒருவர் தன் மிதிவண்டியை, தொப்பை குறைக்கிறேன் என்று டீக்கடைக்குப் போகும் ஆட்டம் என்று சொல்லி மீட்டார். ஒரு தம்பதி, நாற்காலியை எந்த ஆட்டமென்று சொல்வது என்று சண்டை போட்டார்கள்; அந்தச் சண்டையின் பெயரைச் சொன்னதும் நாற்காலி வந்தது. அத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் அன்றுதான் ஒருவர் வாழ்க்கையை ஒருவர் கேட்டார்கள்.

எல்லாம் திரும்பவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தன் கோட்டைக் கேட்டார். எந்த ஆட்டம் என்றது சுவர். "ஆபீஸ்," என்றார். அதில் யார் யார் என்று கேட்டது. அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, முதல் விரலிலேயே நிறுத்தினார். பிறகு, "வேண்டாம், இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மிதிவண்டிக்காரரோடு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் லூர்து மேரி சொன்னார்: "சிரிச்சாச்சு மணி. ஆனா தினமும் தாங்காது. மேலே இருந்து கேக்குறாங்க. பழையபடி மாத்திடுங்க."

பழையபடி என்றால் என்ன என்று மாசிலாமணிக்குத் தெரியும். வழித்துவிட்ட தரை, மடியில் இரண்டு கைகள். எழினியின் அறையில் அப்போதுதான் பொம்மை மணப்பெண்ணை அழைத்துவந்துகொண்டிருந்தார்கள். ஆளைப் பொம்மையிலிருந்து பிரிக்க முடியுமா என்று பார்த்தான். பொம்மையைப் பிறர் படுக்கவைப்பார்கள், ஆள் தானே படுப்பான் என்று சொன்னால், தாலாட்டித் தூங்கவைக்கும் கைக்குழந்தைகள் பொம்மையாகிவிடும். அளவு சொன்னால் பெரிய பொம்மைகள் ஆளாகிவிடும். இரண்டு நாளாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் முன்னால் குழலி சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். அவன் தொடவில்லை.

"போதுமா, எடுத்துடவா?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன பார்க்குறீங்க? கேக்காம யாராவது தட்டை எடுப்பாங்களா?"

அவ்வளவுதான். அன்று முதல் சுவர் கேட்டுவிட்டு எடுக்கத் தொடங்கியது. பதில் வராவிட்டால் தொடக் கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தான். யார் படுத்தாலும், பொம்மையோ ஆளோ, சுவர் மெல்லக் கேட்கும்: "போதுமா?" பொம்மைக்குப் பதிலாகக் குழந்தை சொல்லும். ஆள் தானே சொல்ல வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. கணக்குப் பரீட்சையில் தேறாதவர்கள், காதலில் தோற்றவர்கள், மகனோடு மனஸ்தாபம் கொண்டவர்கள், எல்லோரும் படுக்கையில் கிடந்தபடி கூரையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்," என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்கள். பொம்மைகளை ஒழுங்காக எடுத்து வைப்பதற்கென்று செய்த சுவர், ஊரிலுள்ள ஒவ்வொருவரிடமும் நாள்தோறும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி இதுவரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

லூர்து மேரி ஓய்வுபெற்றுப் பேத்திகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மருமகனைக் குறை சொல்வதை விடவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரி மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். எழினி நிலவுக் குடியிருப்பில் பல் மருத்துவராக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். மாசிலாமணி நல்ல வயதுவரை இருந்து, ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழவில்லை. சுவர் கேட்டிருக்கிறது, அவன் பதில் சொல்லவில்லை. அதனால் அவனுடைய கண்ணாடி, செருப்பு, மடிக்காத துண்டு எல்லாம் போட்டது போட்டபடி இருக்கின்றன. குழலி அவற்றைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டாள்.