பூச்சியங்களை வரிசையாக்கியவன்

சாத்தூரில் நல்ல மழை. சிவகாசி பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலி... பக்கத்தில் மடியில் தாள்கட்டோடு ஓர் இளைஞன். நனைந்த இமைகள், அழகான கண்கள்தான். ஆனால் கற்பகவல்லி டீச்சர் பார்த்ததோ தாளை. அவள் எழுதிய ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கையேடு, அவளுடைய முதல் புத்தகம்!

‘0.101010... ஒரு விகிதமுறா எண்.’

அவள் குனிந்து மறுபடி படித்தாள். அவள் எழுதிக் கொடுத்தது 0.1010010001... அல்லவா?

“நான் எழுதுனத யாரு மாத்துனது?”

“நான்தாங்க. பேரு தனுஷ்கோடி, பிரஸ்ல டைப் அடிக்கேன். ஒரு எடத்துல ஒத்தப் பூச்சியம், அடுத்து ரெண்டு, அப்புறம் மூணு... பாக்க நல்லாவா இருக்கு? வரிசையாக்கிட்டேன்.”

“வரிசையா திரும்பத் திரும்ப வந்தா பின்னமா எழுதிரலாம். பத்து பை தொண்ணூத்தொன்பது. அது விகிதமுறு எண்ணு. திரும்ப வராம போய்க்கிட்டே இருந்தாத்தான் விகிதமுறா எண்ணு.”

“நான் அழகா இருக்கட்டும்னு...”

“கணக்குக்கு எதுக்குங்க மேக்கப்பு?”

கோபம் அடங்கவில்லை. நேரே பிரஸ்ஸுக்குப் போய் முதலாளி ரத்தினசாமியிடம் பொரிந்து தள்ளினாள். தனுஷ்கோடி தலைகுனிந்து நின்றான்.

“என் தப்புதான் அண்ணாச்சி.”

“மூவாயிரம் புத்தகம் அடிச்சாச்சுலே. நாளையிலருந்து வராத.”

அவன் டிபன் பாக்ஸை எடுக்கப் போனான். திருத்தித் தருவதற்காக அவள் தாள்கட்டைப் பிரித்தாள். அடியில், போன மாதம் அவள் சரிபார்க்கக் கூரியரில் வந்துபோன புரூஃப். அதிலும் அதே 0.101010... கீழே ‘சரி, அச்சடிக்கலாம்’ என்று அவளுடைய கையெழுத்து. பரீட்சைத் தாள் திருத்தும் அவசரத்தில் படிக்காமலே போட்டது. அவளுக்கு முகம் எரிந்தது. பாக்ஸோடு திரும்பி வந்தவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இது இருக்குன்னு தெரியும்ல? ஏன் காட்டல?”

“அட்டையில உங்க பேரு இருக்கு டீச்சர். எம்பேரு எங்கனயும் இல்ல.”

சும்மா இருந்துவிடலாம்... யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தக் கண்கள்... புரூஃபை முதலாளி மேசையில் வைத்தாள்.

“நானும் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணாச்சி. அவுகள வேலைய விட்டு நிறுத்தாதீக.”

ரத்தினசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆளுக்காளு என் தப்பு என் தப்புன்னா நான் யாரத்தான் திட்ட? அந்தத் தாள மாத்தி அடிங்க, போங்க.”

வெளியே வந்ததும் தனுஷ்கோடி தயங்கினான். “டீச்சர்... உங்க பேருக்காக மட்டும் நான் மறைக்கல. பஸ்ல நீங்க திட்டுனப்பவே... ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

அவள் காது வரை சிவந்தாள். “எனக்கும்தான். ஆனா இனி நான் தப்பு செஞ்சா மறைக்காம நேராச் சொல்லணும்.”

“இன்னும் செய்வீகளா?”

“ஆயுசுக்கும் செய்வேன்... பக்கத்துலயே இருந்து சொல்லுங்க.”