கேட்காமல் எதுவும் உள்ளே வராது

சாளை மீனின் செதில் ஒட்டிய கையோடு கற்பகம் போனை எட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. ஆதிரா இன்னும் பதினைந்து நிமிடம் கேட்கிறாள். அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் அனுமதி, இன்னொன்றில் மறுப்பு.

ஆதிரா அவளுடைய ஒரே மகள். ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் எலிக்காய்ச்சல் கண்டு செத்துப்போனவள். இப்போது ஐப்பசியின் துலாமழை தொடங்கிவிட்டது.

கற்பகத்துக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். புதுக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் அடித்துக் கொடுப்பவள் அவள். பழைய சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதியது இருந்தால்தான் வேலை என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வாங்கி வைத்தால் தொட்டதற்கெல்லாம் கேள்வி. மைக்கைத் திறக்கவா? கேமராவைத் திறக்கவா? இந்தப் புரோகிராமைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை, இருந்தாலும் ஓட்டவா? புது மருமகள்கூட மாமியாரிடம் இத்தனை கேட்கமாட்டாள் என்று கம்ப்யூட்டர் கடை ராசப்பனிடம் அவள் குறைப்பட்டுக்கொண்டாள்.

"அது நல்லதுக்குத்தான் கற்பகம். பழசுல கண்டதும் நுழைஞ்சிரும். இதுல கேக்காம எதுவும் உள்ள வராது" என்றார் ராசப்பன்.

பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அவர்தான் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார். அதோடு ஆதிராவின் பெயரில் இருந்த லாகின் கணக்கும் வந்துவிட்டது. பள்ளிப் பாடத்துக்காகத் தொடங்கிய கணக்கு அது. எவ்வளவு நேரம் பார்க்கலாம், எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போட்டதெல்லாம் கற்பகம்தான். நேரம் போதவில்லையென்றால் பிள்ளை கேட்க வேண்டும். கேள்வி அம்மாவின் போனுக்கு வரும்.

எறணாகுளம் ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ராத்திரியிலும் ஆதிரா அப்படித்தான் கேட்டாள். அம்மா கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் வாய் திறக்கத் தெம்பில்லாமல் டேப்லெட்டிலிருந்து கேட்டு அனுப்பினாள். கற்பகம் மறுப்பை அழுத்திவிட்டு, தூங்குடி, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். நாளை என்று ஒன்று பிள்ளைக்கு வரவில்லை. அன்று அழுத்திய விரலை அரிவாள்மணையில் வைத்துவிடலாமா என்று மீன் நறுக்கும்போதெல்லாம் அவளுக்குத் தோன்றும்.

இப்போது அதே விரல். ஏதோ பழைய கேள்வி தப்பி வந்திருக்கிறது, மெஷினுக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். மறுப்பின்மேல் விரலை வைக்க அவளால் முடியவில்லை. அனுமதியை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் இருந்த உள்ளறையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

ஓட்டில் மழை விழும் சத்தத்துக்கும், தெருக்கோடி கிடங்கிலிருந்து சுக்கு மூட்டை இறக்கும் ஆட்களின் குரலுக்கும் நடுவே அது தெளிவாகக் கேட்டது. இரண்டே விரலால், தேடித் தேடி, இடையில் நின்று யோசித்துத் தட்டுகிற அந்தச் சத்தத்தை அவள் எத்தனை சாயங்காலம் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். சாத்தியிருந்த கதவின் இடுக்கு வழியாக, பிள்ளையின் தலைக்குத் தேய்க்கும் காய்ச்சிய எண்ணெயின் வாசனையும் நனைந்த யூனிஃபார்மின் வாசனையும் வந்தன. கற்பகம் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். திறந்தால் போய்விடுமோ என்று திறக்கவில்லை. நேரம் முடிந்ததும் எல்லாம் நின்றது. அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் விளக்கேற்றும் நேரத்தில் மறுபடியும் கேள்வி வந்தது; அனுமதித்தாள், சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும். சாயங்காலம் எப்போது வருமென்று அவள் காத்திருக்கத் தொடங்கினாள். பில்கள் பாதியில் கிடந்தன.

கணவன் ரமேஷ்பாபு வல்லார்பாடம் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வாளையாறு செக்போஸ்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டபோது அவனிடம் அரைகுறையாகச் சொன்னாள். பெயர் மட்டும் திரையில் வருகிறது என்றாள். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

"அந்தக் கணக்க அழிச்சிரு கற்பகம். பிள்ள போயிட்டா. நீ அழிக்கலன்னா ஞாயித்துக்கெழம வந்து நான் அழிக்கேன்."

சரி என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பிள்ளையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

அன்று முதல் கேள்விகள் மாறின. ஆதிரா மைக்கைத் திறக்கக் கேட்கிறாள். அனுமதித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. ஆதிரா கேமராவைத் திறக்கக் கேட்கிறாள். அனுமதித்தாள். கதவின் அடியில் ஒரு சின்ன வெளிச்சம் விழுந்தது. கேள்வியோடு சில நேரம் ஒரு குறிப்பும் வந்தது. அம்மா, இன்னும் கொஞ்ச நேரம். அம்மா, இங்கே இருட்டாக இருக்கிறது. எழுத்துகள் அச்சுப்போலத் திருத்தமாக இருந்தன. தமிழ் எழுத்து.

கற்பகம் அதை இரண்டு முறை படித்தாள். ஆதிரா கொச்சியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவாள். புது சிஸ்டம் எல்லாவற்றையும் தானே மாற்றிக்கொள்ளும்போல என்று கற்பகம் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆசை அப்படித்தான் பேசவைக்கும்.

பிறகு ஒரு சாயங்காலம், ஆதிரா ஒரு புரோகிராமைச் சேர்க்கக் கேட்கிறாள் என்று வந்தது. செய்தவர் யாரென்று தெரியவில்லை. இது தீங்கு செய்யலாம். இருந்தாலும் அனுமதிக்கவா? சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அவள் விரல் தயங்கியது. அழுத்தியது.

அன்றிலிருந்து எண்ணெய் வாசனை போய்விட்டது. அதன் இடத்தில் ஓடைச் சேற்றின் வாடை. தட்டும் சத்தமும் மாறியது. தேடவில்லை, யோசிக்கவில்லை. ஓட்டில் விழும் மழையைவிட வேகம். இரண்டு விரல் தட்டுகிற தட்டல்ல அது.

சனிக்கிழமை இடி இடித்துக் கரண்ட் போனது. வீடு முழுக்க இருட்டு. உள்ளறைக் கதவின் அடியில் மட்டும் வெளிச்சம். போன் அதிர்ந்தது.

ஆதிராவின் எல்லாக் கட்டுப்பாடுகளையும் நீக்கவா? நீக்கினால் திரும்பப் போட முடியாது. இன்றைய நேரம் முடிய ஒரு நிமிடம்.

விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் இன்னொரு குறிப்பு வந்து விழுந்தது. இது மலையாள எழுத்து. வரி கோணி, எழுத்துகள் விட்டுப்போய். கற்பகத்துக்கு மலையாளம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

அம்மா, கேக்குறது நான் இல்ல.

கதவைத் தள்ளினாள்.

ஆதிரா இருந்தாள். திரையின் நீல வெளிச்சத்தில், நாற்காலியில், இந்தப் பக்கம் பார்த்து. ஆஸ்பத்திரியில் மஞ்சளாய்ப் போன அதே முகம். இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து வைத்திருந்தாள். அசையவில்லை.

கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தது.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து, அவளுடைய இரண்டு தோளுக்கும் மேலாக, கைகள் நீண்டிருந்தன. சேறு வடியும் கைகள். முழங்கை எங்கே மடங்குகிறதென்று தெரியவில்லை. அவற்றுக்குப் பின்னால் உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் மட்டும் இருந்தது.

ஆதிரா அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. மெதுவாக. திரும்பத் திரும்ப.

போனில் நொடிகள் குறைந்தன. குறையக் குறையப் பிள்ளையின் முகம் மங்கியது. முதலில் பாதம் போனது. பிறகு பாவாடை. மறுப்பை அழுத்தினால் அந்தக் கைகள் போய்விடும். இவளும் போய்விடுவாள். இன்னொரு முறை. கற்பகத்துக்கு அது புரிந்தது. பிள்ளை எதற்காகத் தலையாட்டுகிறாள் என்பதும் புரிந்தது.

"என்னால முடியாதுடி" என்றாள்.

அனுமதியை அழுத்தினாள்.

தட்டும் சத்தம் நின்றது. போன் அணைந்தது. திரையும் அணைந்தது. கேமராவின் சின்ன வெளிச்சம் மட்டும் எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் கைகள் கீபோர்டை விட்டு எழுந்தன. ஆதிராவின் தலையைத் தடவிக்கொடுத்தன. நெற்றியிலிருந்து பின்னல்வரை, ஒரு தாய் தடவுவதுபோல, அவசரமில்லாமல். சேறு அவள் கண்ணில் வடிந்தது. ஆதிரா சத்தமில்லாமல் அழுதாள்.

பிறகு ஒரு கை இருட்டுக்குள் துழாவி, பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டது. அதன்மேல் இரண்டு முறை தட்டிக் காட்டியது.

கற்பகம் போய் உட்கார்ந்தாள்.